நாலுக்கு ஒரு டின், ஆறுக்கு ஒரு டின்

தர்மவான்களைக் கண்டால் நான் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவேன். அதற்கு முழுக் காரணம் சிவசாமி முதலாளிதான்.

கொட்டகலைக் கடைத்தெருவில், ரயில் ஸ்டேஷனுக்குத் திரும்புகிற வளைவில் இருந்தது அவருடைய சாப்பாட்டுக் கடை. அந்தக் கடையின் முன் தாழ்வாரத்தில் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்து நான் தையல் மெஷின் போட்டிருந்தேன். என் பெயர் லியனார்ட். காற்சட்டை கிழிந்தவனும் கல்யாணம் ஆகப்போகிறவனும் என்னைத் தேடி வருவார்கள். மற்ற நேரத்தில் எனக்கிருந்த ஒரே வேலை முதலாளியின் பிரசங்கத்தைக் கேட்பதுதான். வாடகை குறைவு என்பதால் அதையும் சேர்த்துக் கொடுத்துத் தீர்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரசங்கம் என்றைக்கும் ஒன்றேதான். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய வெற்றிலை, கல்லாப்பெட்டிக்கு மேல் இரண்டு முழங்கை. சாப்பிட வந்தவன் புது ஆளாக இருந்தால் போதும், பின்கட்டைக் காட்டி ஆரம்பித்துவிடுவார்.

"அந்தா மாவாட்டுதே காளியாயி, பாத்தீங்களா? பதினொரு வருசமா சோறு போடறேன். ரெண்டு ஆம்பளை தின்கிறதை ஒத்தையாத் தின்னும். ஒரு நாளைக்கு ரெண்டு ரூபா சோறுங்க! எல்லாம் ஒரு புண்ணியத்துக்குத்தான்."

காளியாயி மாவாட்டுவாள், தேங்காய் துருவுவாள், அண்டா தேய்ப்பாள், விறகு பிளப்பாள், மழையில் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் சுமப்பாள். இதெல்லாம் புண்ணியக் கணக்கில் எந்தப் பக்கம் வரும் என்று நான் கேட்டதில்லை. வந்தவர்கள் கினிகத்தேனையிலிருந்து வருகிற வாழையிலையில் சாப்பிடுவார்கள். அவளுக்கு மட்டும் ஒரு நெளிந்த தகரத் தட்டு. அதையும் கையில் பிடித்தபடி கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிடுவாள். கொஞ்சம் முணுமுணுத்தால் போதும், "எஞ் சோத்தைத் தின்னுட்டு எனக்கே பேசறியா?" என்று கல்லாவிலிருந்து குரல் வரும். அந்த ஒரு வார்த்தையில் அவள் அடங்கிப்போவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் அப்படி அடங்குகிற பிறவியே இல்லை. முன்பு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு அடியில் முழங்காலைக் கொடுத்து எடையைக் குறைத்துக் காட்டிய கணக்கப்பிள்ளையின் காலை ஓங்கி மிதித்தவள். புருஷன் செத்து மூன்றாம் மாதம் அது நடந்தது. கேட்க ஆளில்லை. மறுநாளே செக்ரோலில் அவள் பெயரை வெட்டிவிட்டார்கள். தோட்டத்தில் வேலைக்காரர் பெயரெல்லாம் எழுதி வைத்திருக்கிற புத்தகம்தான் செக்ரோல். அதில் பெயர் இருந்தால் வேலை உண்டு, லயத்து வரிசை வீட்டில் காம்பிரா என்கிற ஒரு அறை உண்டு, செத்தால் பெட்டியும் உண்டு. பெயர் போனால் ஆளே போன மாதிரி. இந்த நாடு அவளை இந்தியாக்காரி என்றது, இந்தியாவுக்கு அவள் யாரென்றே தெரியாது. மிச்சமிருந்தது அந்த ஒரு புத்தகம்தான், அதிலும் கோடு விழுந்துவிட்டது.

"காலைல வேலைக்கு முன்ன பெரட்டுக்களத்துல பேர் கூப்பிடுவாங்கள்ல, டைலர் தம்பி," என்று ஒரு தடவை சொன்னாள். "காளியாயின்னு கூப்பிட்டதும் 'இருக்கேங்க'ன்னு சொல்லணும். இப்பவும் காலைல முழிப்பு வந்ததும் அது வாய்க்குள்ள வந்து நிக்குது. யாரு கூப்பிடறா?"

அறுபத்திரண்டாம் வருஷம், மழை விடாமல் கொட்டிய ஒரு மாதத்தில், அட்டனில் இருந்த தொழில் அலுவலகமான லேபர் கந்தோரிலிருந்து ஒரு ஒபிசர் குடையோடு வந்து இறங்கினார். அமிர்தநாதன் என்று பெயர். கொத்மலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்து படித்தவர். ஆள் ஒல்லி. கோட்டைத் தைத்தவன் எவனோ தோள்பட்டையை இரண்டு விரற்கடை அதிகமாக விட்டுத் தொலைத்திருந்தான். முதலாளி ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்து, உளுந்து வடையும் பால் விடாத பிளேன்டியும் கொண்டுவந்து வைத்தார்.

"சோதனைக்கு வந்த எடத்துல கை நனைக்கக் கூடாதுங்க," என்று ஒபிசர் தட்டைத் தள்ளிவைத்தார். தள்ளிவைத்தாரே தவிர, கண் வடையை விட்டு நகரவில்லை. அவ்வளவு நல்ல வடை அது. சமையல்காரன் ஆண்டியப்பன் கை அப்படி.

வந்த விஷயம் ஊழியர் சேமலாப நிதி, எங்கள் பேச்சில் பண்டு. சட்டம் வந்து சில வருஷமாகியிருந்தது. எங்கள் கடைத்தெரு அதைத் தூரத்துச் சொந்தக்காரன் வீட்டுக் கல்யாணம் மாதிரி நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டது.

"ஒரு ஆளுக்கு நூறு ரூபா சம்பளம்னு வைங்க," என்று ஒபிசர் விளக்கினார். "நாலு ரூபா அவரு பங்கு. அதை அவரு சம்பளத்துல கழிச்சுக்கலாம். ஆறு ரூபா உங்க பங்கு. அது உங்க கையிலேருந்து போகணும். பத்தையும் சேத்து மாசாமாசம் நிதிக்குக் கட்டணும். அவருக்கு வயசான காலத்துல வட்டியோட கைக்கு வரும்."

"அவனுக்கு வயசாகிறதுக்கு நான் ஏங்க காசு கட்டணும்?"

"சட்டம்."

முதலாளி வெற்றிலையை அந்தக் கன்னத்திலிருந்து இந்தக் கன்னத்துக்கு மாற்றினார். "சம்பளம் கூடினா?"

"நாலும் கூடும், ஆறும் கூடும்."

"கொறைஞ்சா?"

"கொறையும்."

முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பிடிச் சொல்லுங்க! நம்ம கடையில சம்பளம் ரொம்ப ரொம்பக் கொறைவுங்க. எல்லாம் சோறுதான்."

"சோறும் சம்பளந்தாங்க. நீங்க குடுக்கிறது சமைச்ச சாப்பாடா இருக்கட்டும், சமைக்காத அரிசியா இருக்கட்டும், அதோட காசுப் பெறுமதியையும் சம்பளத்தோட சேத்துத்தான் கணக்குப் பாக்கணும்."

பின்கட்டில் ஆட்டுக்கல் நின்றது. எனக்குக் கேட்ட முதல் சத்தம் அந்தச் சத்தமில்லாமைதான். ஒபிசரும் திரும்பிப் பார்த்தார். கையெல்லாம் மாவோடு காளியாயி கதவு நிலையில் நின்றாள்.

"அது யாரு?"

"அது வேலையாள் இல்லீங்க. பாவம், நாதியத்தது. பதினொரு வருசமா சோறு போடறேன்," என்று முதலாளி பழக்கதோஷத்தில் பிரசங்கத்தை எடுத்துவிட்டார்.

"வேலை செய்றாங்களே?"

"தின்ன சோறு செரிக்கணுமில்லீங்களா."

"ஒரு நாளைக்கு எவ்வளவு பெறுமதியான சாப்பாடு?"

முதலாளி வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன். என் வாய்க்குப் பூட்டுக் கிடையாது என்று என் மனைவி சொல்வது பொய்யில்லை. "ரெண்டு ரூபாங்க ஐயா! முதலாளியே தெனம் சொல்லுவாரு. இந்தத் தெருவுக்கே தெரியும்."

"அது பேச்சுக்குச் சொல்றதுங்க!" முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். "உண்மையில பாத்தா பத்துச் சதம் பெறாது."

அகப்பையோடு ஆண்டியப்பன் வெளியே வந்தான். "யாரு சமைச்ச சோறு பத்துச் சதம் பெறாது?" அவனுக்குச் சம்பளத்தைக் குறைத்தாலும் பொறுத்துக்கொள்வான், சமையலைக் குறைத்தால் மனிதனாக இருக்கமாட்டான். அதே நேரம் பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்த லொறிக்காரர் ஒருவர் இலையிலிருந்து தலையைத் தூக்கினார். "அதே பானைச் சோத்துக்கு எங்கிட்ட எழுபத்தஞ்சு சதம் வாங்குறீங்களே, அது எப்பிடி முதலாளி?"

ரூபாய்க்கு நூறு சதம். பத்துச் சதம் என்றால் கடை நாறிப்போகும். இரண்டு ரூபாய் என்றால் கை நட்டம். முதலாளி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பல்லைப் பிடுங்கக் கொடுப்பவர் போல, "ரெண்டு ரூபான்னே எழுதிக்கங்க" என்றார்.

ஒபிசர் காளியாயியிடம் திரும்பினார். "அப்ப நீங்க மாசம் அறுபது ரூபா சம்பளக்காரிங்க, அம்மா."

காளியாயி தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. "எம் பேரு செக்ரோல்ல இருக்குமாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நிதியில இருக்கும். அது அதைவிடப் பெரிய செக்ரோல்," என்றார் ஒபிசர். இந்த அம்மாவின் பெயரையும் சேர்த்து அனுப்பும்படி முதலாளியிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டு, வடையைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனார்.

மறுநாள் மத்தியானம் முதலாளி தானே அகப்பையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். அவர் அந்தப் பக்கம் போவதே அபூர்வம். நான் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தேன்.

"ஒபிசர் சொன்னது கேட்டேல்ல? தொழிலாளி பங்கைச் சம்பளத்துல கழிச்சுக்கலாம். உஞ் சம்பளம் என்னா? சோறு. அதனால சோத்துல கழிக்கிறேன்." அவள் தட்டில் இருந்த நாலு அகப்பைச் சோற்றில் ஒன்றை எடுத்துத் திரும்பப் பானையில் போட்டார்.

சட்டம் எழுதியவர்களுக்குக்கூட இப்படி ஒரு வழி இருப்பது தெரிந்திருக்காது. எனக்கு ஒரு கணம் மரியாதையே வந்துவிட்டது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

"முதலாளி, நூத்துக்கு நாலுன்னுதான் ஐயா சொன்னாரு. நாலுக்கு ஒண்ணுன்னா நூத்துக்கு இருபத்தஞ்சு!"

"நீ துணியை அளக்கிற வேலையைப் பாரு!"

காளியாயி அழுவாள் என்று நினைத்தேன். அவள் பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கழிச்ச சோறு பானைக்குப் போனா பண்டுக்கு எப்பிடிங்க போகும்?" என்று கேட்டாள். "எங்கிட்டக் குடுங்க. நான் பத்திரமா வச்சிருக்கேன்." முதலாளி அந்த அகப்பைச் சோற்றைத் திரும்ப எடுத்து அவளிடமே கொடுத்தார். எப்படியும் பண்டுக்கு என்று சொல்லித்தானே எடுத்தார்!

சாயங்காலம் என்னிடம் வந்து பிஸ்கட் டின் ஒன்று கேட்டாள். பொத்தான் போட்டு வைத்திருந்த இரண்டு டின்கள் இருந்தன. ஒன்றைக் காலி பண்ணிக் கொடுத்தேன்.

"அதையும் குடுங்க."

"அது எதுக்குக்கா?"

"இது நாலுக்கு. அது ஆறுக்கு."

விளங்கவில்லை. மறுநாள் மத்தியானம் முதலாளி கல்லாவுக்குப் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்தபோதுதான் விளங்கியது. காளியாயி வந்து இலைக்குப் பக்கத்தில் இரண்டாவது டின்னைத் திறந்து வைத்தாள்.

"என்னாது இது?"

"உங்க ஆறுங்க. எந் தட்டுல நாலு எடுத்தா உங்க பங்கு ஆறு போடணும்னு ஐயா சொன்னாங்கள்ல. சோத்துலதான கட்டுறோம்? போடுங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்குப் புரையேறிவிட்டது. முதலாளி டின்னைத் தூக்கி எறிந்தார். அது தெருவில் உருண்டு போய் நுவரெலியா பஸ்ஸுக்கு முன்னால் நின்றது. காளியாயி கொல்லைப் பக்கமாகச் சுற்றி நிதானமாக நடந்துபோய், பஸ்ஸை நிறுத்தி, டின்னை எடுத்துத் துடைத்துக்கொண்டு வந்தாள். அடுத்த நாள் மத்தியானம் அது மறுபடியும் இலைக்குப் பக்கத்தில் திறந்தபடி இருந்தது. அதற்கடுத்த நாளும். எஞ் சோறு என்று கத்திப் பார்த்தார். அவள் "ஆமாங்க, அதுலதான் ஆறு" என்றாள். பிறகு அவர் எறியவில்லை, போடவும் இல்லை. அந்த டின் வாயைப் பிளந்துகொண்டு எதிரே இருந்தால் மனுஷனுக்குச் சோறு எப்படி இறங்கும்? இளைத்துப் போனார். அதை வேடிக்கை பார்க்கவே ஸ்டேஷனிலிருந்து போட்டர்மார் சாப்பிட வந்ததில் வியாபாரம் மட்டும் கொழுத்தது.

முதல் டின் நிறைந்துகொண்டு வந்தது. சோறு ஊசிப்போகாமல் இருக்க, அன்றன்றைக்குக் கழிந்ததை உப்பும் மிளகாயும் சீரகமும் போட்டுப் பிசைந்து, கிள்ளி வைத்து, அடுப்புக்கு மேலே பரணில் காயவைத்து வடகமாக்கினாள். கொட்டகலை வெயிலை நம்பி வடகம் போட முடியாது. கழித்த பங்கை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைத்தான் தின்றாள். பசியோடுதான் மாவாட்டினாள். ஆண்டியப்பன் ஒளித்து ஒரு அகப்பை கொடுக்கப் போனான், அவள் வாங்கவில்லை. "கணக்குக் கொழம்பிரும்" என்றாள்.

மாதம் முடிந்து முதலாளி நிதிக்குப் பணம் கட்டிய வாரத்தில் காளியாயி வெளுத்த சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். இரண்டு டின்னும் கையில் இருந்தன. "அட்டன் வரைக்கும் வாங்க, டைலர் தம்பி. பண்டைக் கட்டிட்டு வருவோம்." எனக்கும் நூல் வாங்க வேண்டியிருந்தது. வாங்க வேண்டியிராவிட்டாலும் போயிருப்பேன்.

பஸ்ஸில் என்னால் பொறுக்க முடியவில்லை. "அக்கா, கோவிச்சுக்காதீங்க. பண்டுல காசுதான் வாங்குவாங்க. வடகம் வாங்கமாட்டாங்க."

காளியாயி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சிரித்தாள். "தெரியும் தம்பி. அது தெரியாத அளவுக்கு நான் மக்கா? சும்மா போயி 'எம் பேரை எழுதியிருக்கானான்னு பாருங்க'ன்னா, என்னையைப் போல ஒருத்திக்கு யாரு எந்திரிச்சுப் பாப்பா? டின்னோட போனா என்னான்னு திறந்து பாப்பாங்கள்ல. பாக்கட்டும்."

லேபர் கந்தோரில் முன்மேசையில் டோரீன் என்று ஒரு கிளார்க் பெண் இருந்தாள். காளியாயி முதல் டின்னைத் திறந்து மேசையில் வைத்தாள். சீரக வாசம் கந்தோர் முழுக்கப் பரவியது. டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"என்னாது?"

"எம் பங்குங்க. கொட்டகலை சிவசாமி முதலாளி கடை. பேரு காளியாயி. நூத்துக்கு நாலு வீதம்."

நான் விஷயத்தை எடுத்துச் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு டோரீன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வரும்போது சிரிப்பு இல்லை. "அந்தக் கடையிலேருந்து மூணு பேருக்குத்தான் கட்டியிருக்கு. ஆண்டியப்பன் இருக்கு. பரிமாறுறவங்க ரெண்டு பேரு இருக்கு. காளியாயின்னு பேரே இல்லியே."

பஸ்ஸை நிறுத்தி டின் எடுத்தவள், பஸ்ஸில் சிரித்தவள், அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இங்கயும் வெட்டிட்டாங்களா?" என்று கேட்டாள்.

எனக்கு அந்த இடத்தில் எதையாவது போட்டு உடைக்க வேண்டும் போல் இருந்தது. உடைக்கத் தகுந்ததாக அங்கே ஒரு மைக்கூடுதான் இருந்தது, அதுவும் அரசாங்கத்துடையது. நல்ல வேளையாக வாசம் பிடித்துக்கொண்டு அமிர்தநாதன் ஒபிசரே அறையிலிருந்து வந்துவிட்டார். டோரீன் சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்தது. முதல் டின்னுக்குள் பார்த்தார். இரண்டாவது டின்னைத் திறந்தார். கவிழ்த்தும் பார்த்தார்.

"இது ஏன் வெறுமையா இருக்கு?"

"அது முதலாளி பங்குங்க," என்றாள் காளியாயி.

ஒபிசர் அந்தக் காலி டின்னை மேசையில் மெதுவாக வைத்தார். "லியனார்ட், இந்தம்மா வேலையாள் இல்லை, தர்மச் சோறு திங்கிறவங்கன்னு அவரு எனக்கு எழுதி அனுப்பியிருக்காரு. பத்து நாளா என்னா செய்றதுன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். அவரு பேச்சை எதை வச்சு மறுக்கிறது? இப்ப வழி கெடைச்சுது. தர்மம் பண்றவன் எவனாவது அதுல நாலு வீதம் கழிப்பானா?"

"நாலுக்கு ஒண்ணுங்க ஐயா," என்று திருத்தினேன்.

"ரெண்டு டின்னும் இங்கயே இருக்கட்டும். சாட்சி." டோரீனின் கை முதல் டின் பக்கம் போவதைக் கண்டு குரலை உயர்த்தினார். "சாட்சியைத் தின்னக் கூடாது, டோரீன்!"

இரண்டு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாடு மும்முரமாக நடக்கும் நேரமாகப் பார்த்து ஒபிசர் வந்தார். டின் இரண்டும் கூடவே வந்தன. வேண்டுமென்றே அந்த நேரத்தைத் தேர்ந்திருப்பார் என்பது என் அபிப்பிராயம். கல்லாப்பெட்டிக்கு மேலே இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார். முதலாளி காலி டின்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தர்மம்னு எழுதியிருந்தீங்க. தர்மத்துல எதுக்குங்க கழிச்சீங்க?"

"சட்டப்படி கழிச்சேங்க."

"சட்டப்படி கழிச்சா அவங்க தொழிலாளி. தொழிலாளின்னா பேரு எங்க? கழிச்சிட்டுக் கட்டாம வச்சிருந்தா அது களவு மாதிரி. எது சொல்லுங்க, தர்மமா, களவா?"

முதலாளி வெற்றிலையை விழுங்கிவிட்டார். பதினொரு வருஷமாகச் சோறு போடுகிறேன் என்று தெருவுக்கே சொல்லி வைத்திருக்கிறார். இரண்டு ரூபாய் என்றும் சொல்லி வைத்திருக்கிறார். கழித்ததை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் வாயே அவர் எதிரே நின்றது.

"சட்டம் இந்தக் கடைக்கு வந்த நாள்லேருந்து கட்டணும்," என்றார் ஒபிசர். "பழைய மாசத்துக்கு அவங்ககிட்டக் கழிக்க முடியாது. நாலும் உங்க பங்கு, ஆறும் உங்க பங்கு. இனிமே வெறும் சோத்தைச் சம்பளம்னு காட்டவும் வேணாம். காசா குடுங்க."

அப்புறம், ஏற்கெனவே தெரிந்தவற்றை எதற்குத் திரும்பக் கேட்டாரோ, கடையின் வேலையாட்களை எழுதுகிற தாளை எடுத்துப் பெயர்களைச் சத்தமாக வாசித்தார். ஆண்டியப்பன், சரி. பரிமாறுகிற நல்லமுத்து, சரி. இராமையா, சரி. எழுதுகோலை எடுத்து ஒரு வரி எழுதினார். எழுதியதை வாசித்தார்.

"காளியாயி!"

"இருக்கேங்க!"

பின்கட்டிலிருந்து வந்த அந்தக் குரல் ஸ்டேஷனுக்குக் கேட்டிருக்கும். பெரட்டுக்களத்தில் மலைக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்குக் கேட்கும்படி சொல்லிப் பழகிய குரல். கடையில் யாரும் சிரிக்கவில்லை. லொறிக்காரர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் இருந்தார். இரண்டு தேசங்கள் எழுத மாட்டோம் என்ற பெயரை மழையில் நனைந்து வந்த ஒரு தாள் எழுதிக்கொண்டது. நான் அழுதேன். ஊசி குத்திவிட்டது என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னேன்.

ஒபிசர் போனதும் முதலாளி கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "காசுதான வேணும்? அறுபதும் காசாவே வாங்கிக்க. இனிமே பின்கட்டுல உனக்குச் சோறு கெடையாது. பசிச்சா மத்தவங்களை மாதிரி முன்னால வந்து உக்காந்து, காசு குடுத்துத் தின்னு!" அதை அவர் தண்டனை என்று நினைத்துத்தான் சொன்னார்.

சம்பள நாளன்று, நாலு வீதம் போக மீதியைக் கையில் வாங்கி எண்ணி முடித்த காளியாயி, கையைக் கழுவிக்கொண்டு கடையைச் சுற்றித் தெருவுக்கு வந்து, முன்வாசல் வழியாக உள்ளே நுழைந்தாள். பதினொரு வருஷத்தில் அவள் அந்த வாசலைப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. நடு பெஞ்சில் உட்கார்ந்தாள். எழுபத்தைந்து சதத்தை மேசையில் வைத்தாள். ஆண்டியப்பன் கினிகத்தேனை வாழையிலையில் நல்லதாக ஒன்றைத் தேடி எடுத்துத் துடைத்துப் போட்டு, சோறும் பருப்பும் கீரையும் வைத்தான். ஒபிசர் திருப்பிக் கொடுத்திருந்த வடகத்தில் ஒரு கை அள்ளி வறுத்துக் கொண்டுவந்து ஓரத்தில் குவித்தான். உட்கார்ந்து சாப்பிடத் தெரியாதவள் மாதிரி முதலில் முழங்கையை எங்கே வைப்பது என்று தடுமாறினாள். பிறகு நிதானமாகச் சாப்பிட்டாள். ரசம் வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"ரசத்துல புளி பத்தலை."

ஆண்டியப்பன் கோபிப்பான் என்று பார்த்தேன், அவன் வாயெல்லாம் பல்லாக நின்றான். கல்லாவிலிருந்துதான் குரல் சீறிக்கொண்டு வந்தது.

"பதினொரு வருசமா எஞ் சோத்தைத் தின்னுட்டு…"

காளியாயி திரும்பவில்லை. மேசையில் இருந்த காசை மட்டும் ஒரு விரலால் கல்லாப் பக்கம் தள்ளினாள். "யாரு சோறுங்க, முதலாளி?"

கடை முழுக்க அவரைப் பார்த்தது. அவர் காசைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், என்னையும் ஒருமுறை முறைத்தார். ஆரம்பித்ததை முடிக்காமல் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"உஞ் சோத்தைத் தின்னுட்டு எனக்கே கொறை சொல்றியா!" என்று கத்தினார்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. பெஞ்சுகள் அதிர்ந்தன. நல்லமுத்து சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். முதலாளி கல்லாப்பெட்டியைத் திறந்து அதற்குள் எதையோ தேடுகிற மாதிரி தலையை நுழைத்துக்கொண்டார்.

காளியாயி சிரிக்கவில்லை. இலையைத் தன் பக்கம் நேராக இழுத்து வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு அகப்பை போடுங்க, ஆண்டியப்பன். இதுல கழிக்க வேணாம். கழிச்சாச்சு."